நாட்டுவளமும் நாட்டுப்பற்றும்: மட்டக்களப்புக் கவிதையை முன்வைத்துச் சில குறிப்புகள்

பிறந்த மண்ணின்மீது கொண்ட பற்றுக் கவிதைப் பொருளாக அமைவது தமிழுக்குப் புதியதன்று. எனினும் 'நாட்டுப்பற்றுக் கவிதை' என்று நாம் பொதுவாகக் குறிப்பிடுவன யாவும் ஒரே தன்மையனவோ என்ற வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. மண்ணைப் புகழ்வது வேறு. மண்ணை நேசிப்பது வேறு. முன்னையதற்கு மொழிப்பயிற்சி போதுமானது. பின்னையதற்கு அம்மண்ணிலே யார் வாழ்கின்றனர், யார் உழைக்கின்றனர், யார் வெளியேற்றப்படுகின்றனர் என்ற அறிவும் வேண்டும். இவ்வேறுபாட்டை மட்டக்களப்புப் பிரதேசக் கவிதையை ஆதாரமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கோறளைப்பற்றிலே, வாழைச்சேனை ஆற்றங்கரையிலிருந்து நோக்குமிடத்து இவ்வினா ஏட்டளவிலான வினாவாக அமைந்துவிடவில்லை என்பதையும் தொடக்கத்திலேயே கூறிவிடலாம்.

1

காப்பியங்களிலே நாட்டுப்படலம் இன்றியமையாத உறுப்பாகக் கொள்ளப்பட்டது. மழை பெய்யும், ஆறு பெருகும், வயல் விளையும், மீன் துள்ளும், எருமை பால் சொரியும். இவ்வருணனைகள் கண்டு எழுதப்பட்டனவா, கற்று எழுதப்பட்டனவா என்று பெரும்பாலும் பிரித்தறிய இயலாது. ஒரு நாட்டின் பெயரை நீக்கி இன்னொரு நாட்டின் பெயரை இட்டாலும் பாடல் குறைவுபடாது. அந்நாடு எல்லா நாடுமாகும். ஆதலாலே எந்த நாடும் அன்று.

இம்மரபின் உள்முரண்பாடு பள்ளு இலக்கியத்திலே தெளிவாகப் புலப்படுகின்றது. முக்கூடற்பள்ளிலே பள்ளனின் மனைவியர் இருவரும் தத்தம் நாட்டின் வளத்தைப் போட்டியிட்டுப் பாடுவர். ஈழத்திலே நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் இயற்றிய பறாளை விநாயகர் பள்ளும் இம்மரபைப் பின்பற்றியதே. பாடுவோர் யார் என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது. நாட்டுவளத்தைப் பாடும் அப்பெண்களுக்கு அந்நாட்டிலே சொந்தமாக ஒரு வரப்பும் இல்லை. நிலம் பண்ணைக்காரனின் பொறுப்பிலே உள்ளது. விளைச்சலின் பெரும்பகுதி கோயிலுக்கும் அறக்கட்டளைகளுக்கும் அளக்கப்படுகின்றது. நிலமில்லாதவரின் வாயிலே நிலத்தின் புகழை வைத்துப் பாடியது பள்ளு. அம்முரண்பாட்டைப் பாடிய புலவர் உணர்ந்தாரோ இல்லையோ, படிக்கும் நாம் உணராதிருத்தல் தகாது.

ஆயினும் வளம் பாடுதல் என்றும் வெறும் சடங்காகவே இருந்தது என்று கொள்வது தவறாகும். பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்ட காலத்திலே கபிலர் பாடிய புறநானூற்றுப் பாடலொன்று, உழவர் உழாமலே அம்மலை தரும் நான்கு விளைபொருள்களை எடுத்துரைக்கின்றது. மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்னும் அப்பட்டியல் உருவத்தால் நாட்டுவளமே. ஆனால் அதனைக் கேட்போர் மலையைச் சூழ்ந்து நிற்கும் பகைவர். 'முற்றுகையாலே இம்மலையைப் பட்டினியிட முடியாது' என்பதே அதன் பொருள். அதே பட்டியல், சூழ்நிலை மாறியவிடத்து, அரசியற் கூற்றாக மாறிவிடுகின்றது. பாரி மாண்டபின் கபிலரும் பாரி மகளிரும் பறம்பைப் பிரிந்து பாடிய பாடல்களிலோ வளம் இழப்பின் அளவுகோலாகிவிடுகின்றது. ஒரு திங்கள் இடைவெளியிலே தந்தையையும் குன்றையும் இழந்த அம்மகளிரின் பாடலிலே மலையின் எழில் பற்றி ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. இருந்தும் மலைமீது கொண்ட அன்பைச் சொல்லும் தமிழ்ப் பாடல்களிலே அதற்கு நிகரானவை மிகச் சிலவே.

இதிலிருந்து நாம் பெறும் முடிவு ஒன்றுண்டு. நாட்டுப்பற்றுக் கவிதையின் உயிர் வருணனையிலே இல்லை. வருணிப்பவனுக்கும் நிலத்துக்கும் இடையேயுள்ள உறவிலே உள்ளது. அவ்வுறவு உழைப்பாகவோ, உரிமையாகவோ, இழப்பாகவோ இருத்தல் கூடும். உறவே இல்லாதவிடத்து எஞ்சுவது அலங்காரம் ஒன்றே.

2

மட்டக்களப்பைப் பற்றிய கவிதைகளிலே 'மீன்பாடும் தேனாடு' என்னும் தொடர் பெற்றுள்ள இடம் யாவரும் அறிந்ததே. கல்லடிப் பாலத்தின் அருகே வாவியிலிருந்து எழும் ஓசையை 1848இலே இங்கு வந்த எமர்சன் டெனன்ட் கேட்டு, 1859இலே வெளியான இலங்கை பற்றிய தமது நூலிலே விரிவாகக் குறித்துவைத்தார். அவ்வோசைக்கு நத்தை, சிப்பி போன்ற உயிரினங்கள் காரணமாகலாம் என்று அவர் கருதினார். காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947) அதே ஓசையை வேறுவகையாகக் கேட்டார். யாழ் நூலோடு தொடர்புற்ற அவரது நீரர மகளிர் பாடலிலே வாவியின் இசை பழந்தமிழரின் இழந்த இசைமரபை நினைவூட்டும் குறியீடாகின்றது. ஊரின் இயற்கைப் புதுமையொன்றை ஓர் இனத்தின் கலை வரலாற்றோடு இணைத்தமை அடிகளின் தனிச்சிறப்பு. வாவியோசை அங்கே வெறும் புகழ்ச்சிப் பொருளன்று. ஓர் ஆராய்ச்சியாளனின் வாழ்நாள் தேட்டத்தோடு கலந்த அனுபவம்.

அடிகளுக்குப் பின்வந்தோரிற் பலர் அத்தேட்டத்தை விட்டுத் தொடரை மட்டும் எடுத்துக்கொண்டனர். மீன், தேன், தயிர், செந்நெல், தென்றல் என்பன ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டன. பாடசாலை ஆண்டுவிழா மலர் முதலாகச் சங்க மாநாட்டு வாழ்த்துப்பா ஈறாக இவ்வடுக்கைக் காணலாம். பகவத்கீதை வெண்பாவை இயற்றிய புலவர்மணி ஏ. பெரியதம்பிப்பிள்ளை (1899–1978) போன்ற செய்யுள்வல்லாரின் தலைமுறைக்கு இப்பிரதேசத்தின் தனித்துவத்தைத் தமிழுலகுக்கு நிறுவிக்காட்டும் தேவை இருந்தது. யாழ்ப்பாணத்தையே ஈழத்துத் தமிழின் ஒரே நிலைக்களமாகக் கருதும் மனப்பாங்கு அன்று வலுவாக நிலவியது. பண்டிதர் வீ. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இலே வெளிவந்தமைக்கும் இத்தேவையே பின்னணியாகும். ஆகவே அக்காலப் பெருமிதம் வரலாற்று நியாயம் உடையது. ஆனால் ஒரு காலத்திலே எதிர்ப்புக் குரலாக ஒலித்த பெருமிதம், தேவை நிறைவேறியபின்னும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுமாயின் வாய்பாடாகத் தேய்ந்துவிடும். இன்று 'மீன்பாடும் தேனாடு' எய்தியுள்ள நிலை இதுவே.

இவ்வாய்பாட்டின் வறுமையை உணர்வதற்கு வாழைச்சேனையிலிருந்து நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. 2009இலே போர் முடிந்தபின் பாசிக்குடாக் கடற்கரையிலே உல்லாச விடுதிகள் வரிசையாக எழுந்தன. பாறையில்லாத ஆழமற்ற கடல், வெண்மணல், நீலவானம் என்று அவ்விடுதிகளின் விளம்பரங்கள் வருணிக்கும் நாடும், வாழ்த்துப்பாக்கள் வருணிக்கும் நாடும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டிலும் கரைவலை இழுப்பவன் ஓவியத்தின் ஓரத்திலே நிற்கும் உருவமாகவே வருகின்றான். அவனது தோணி எங்கே கட்டப்படுகின்றது, கடலுக்குச் செல்லும் வழி யாருக்குத் திறந்திருக்கின்றது என்பன இரண்டுக்கும் புறம்பான செய்திகள். நிலத்தை விற்பவரும் நிலத்தைப் போற்றுபவரும் ஒரே சொற்களைக் கையாளுவராயின், போற்றுபவர் தம் சொற்களை மீள்பரிசீலனை செய்தல் வேண்டும்.

3

ஏட்டுக் கவிதை இவ்வாறிருக்க, வாய்மொழிப் பாடல் வேறு வழியிலே சென்றது. 1940இலே தி. சதாசிவ ஐயர் பதிப்பித்த மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு, இப்பிரதேசக் கூத்துப்பாடல்களை அச்சுக்குக் கொணர்ந்த முன்னோடி முயற்சி. வசந்தன் ஆட்டத்திலே வேளாண்மைச் செயல்களும் பாடி ஆடப்படுகின்றன. சூட்டுக்களத்திலே பாடப்படும் பொலிப்பாட்டோ உழைப்பின் ஓர் உறுப்பாகவே அமைந்தது. களத்திலே பொருள்களைச் சாதாரண பெயராலே சுட்டாது களத்துக்கென அமைந்த தனிச்சொற்களாலே சுட்டும் வழக்கும் உண்டு. அங்கே நிலம் புகழப்படுவதில்லை. வேண்டப்படுகின்றது, அஞ்சப்படுகின்றது, அளக்கப்படுகின்றது.

வயலிலே காவலிருக்கும் கணவனையும் வீட்டிலே காத்திருக்கும் மனைவியையும் பற்றிய நாட்டார் கவிகளிலே வட்டையும் வாய்க்காலும் வாடியும் வந்துபோகின்றன. வேண்டுமென்றே வருணிக்கப்படாமையாலேயே அவை மனத்திலே நிலைக்கின்றன. இன்னொரு சிறப்பும் குறிப்பிடத்தக்கது. 'மச்சான்', 'மச்சி' என்று விளிக்கும் இக்கவிகளிற் பலவற்றைத் தமிழரின் பாடல் என்றோ முஸ்லிம்களின் பாடல் என்றோ வரையறுத்துக் கூறல் அரிது. இரு சமூகத்தாரும் ஒரே வட்டையிலே அருகருகே வேளாண்மை செய்தவர்கள். தாய்வழிக் குடிமுறையையும் பொதுவாகக் கொண்டவர்கள். 'பிட்டும் தேங்காய்ப்பூவும் போல' என்று மட்டக்களப்பார் கூறும் உவமையை மேடையிலே கேட்டுச் சலித்துப்போனோம். ஆனால் அவ்வுவமைக்குப் பின்னால் உள்ள வாழ்க்கைச் சான்று இக்கவிகளே.

இவ்வாய்மொழி மரபைக் கற்றறிந்து நவீன கவிதைக்குக் கொணர்ந்தோருள் நீலாவணன் (1931–1975) முதன்மையானவர். பெரியநீலாவணையிலே பிறந்து ஆசிரியராகப் பணிபுரிந்த அவரது வேளாண்மை என்னும் காவியம், அவர் மறைந்து ஏழு ஆண்டுகளின் பின், 1982இலே நூலுருப் பெற்றது. நாட்டுப்படல மரபுக்கும் இக்காவியத்துக்கும் உள்ள வேறுபாடு அடிப்படையானது. மரபிலே வயல் காட்சி. நீலாவணனிலே வயல் தொழில். விதைப்பு, காவல், வெட்டு, சூடு என்னும் வேலையொழுங்கும் அதனோடு பின்னிய குடும்ப உறவுகளும் பேச்சுமொழியும் காவியத்தை நடத்திச் செல்கின்றன. மட்டக்களப்பு வழக்குச் சொற்கள் அலங்காரத்துக்காகத் தூவப்படவில்லை. அச்சொற்களின்றி அத்தொழிலைச் சொல்ல இயலாது என்பதனாலே அவை இடம்பெறுகின்றன. 1950களின் பிற்பகுதியிலிருந்து ஈழத்திலே 'தேசிய இலக்கியம்', 'மண்வாசனை' என்னும் கோட்பாடுகள் பற்றி நிகழ்ந்த விவாதங்களுக்குப் படைப்பாலே விடையளித்தவருள் நீலாவணனும் ஒருவர் எனலாம்.

ஆயினும் நீலாவணனிடத்தும் ஒரு வரையறை உண்டு. கிராமத்தை உள்ளிருந்து நேசித்த அவர், கிராமத்தின் வாழ்க்கைமுறையையும் பெரிதும் நேசித்தார். போடியாருக்கும் அவரிடம் கூலிக்கு நின்ற முல்லைக்காரனுக்கும் இடையிலான உறவு முரண்பாட்டுக்குரிய ஒன்று என்ற நோக்கு அவரிலும் பார்க்கச் சுபத்திரன் (1935–1979) முதலிய முற்போக்குக் கவிஞரிடத்தே கூர்மை பெற்றது. சுபத்திரனின் இரத்தக்கடன் 1969இலே வெளிவந்தது. மட்டக்களப்பைச் சேர்ந்த அவர் தீண்டாமைக்கு எதிராக வடபுலத்திலே நிகழ்ந்த போராட்டங்களையும் தமது பாடுபொருளாக்கினார். நாட்டுப்பற்று என்பது ஊரின் எல்லையோடு முடிவதன்று என்பதற்கு இது சான்று. எனினும் சுபத்திரனிடத்தே குரல் ஓங்குமளவுக்கு நிலத்தின் நுண்விவரம் குறைந்துவிடுகின்றது என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஒருவரிடத்தே வயல் உண்டு, முரண்பாடு மங்கலானது. மற்றவரிடத்தே முரண்பாடு உண்டு, வயல் மங்கலானது. இரண்டையும் ஒருங்கே காணும் முயற்சியை எம். ஏ. நுஃமானின் தாத்தாமாரும் பேரர்களும் (1977) தொகுதியின் நெடுங்கவிதைகளிலே காண்கின்றோம்.

4

இனி வாழைச்சேனைக்கு வருவோம். இங்கு 1950களின் நடுப்பகுதியிலே நிறுவப்பட்ட கடதாசி ஆலை வைக்கோலை முக்கிய மூலப்பொருளாகக் கொண்டது. வயலிலே நெல் அடித்தபின் எஞ்சிய வைக்கோல் ஆலைக்கு வந்து கடதாசியாகியது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூவினத் தொழிலாளரும் அங்கே ஒருங்கே பணிபுரிந்தனர். போர்க்காலத்திலே ஆலை நலிந்தது. அதனைச் சூழ்ந்த வாழ்வும் நலிந்தது. பொலிப்பாட்டிலே பாடப்பட்ட நெல்லின் தாளே கவிதை அச்சிடும் தாளாகவும் மாறக்கூடிய ஊர் இது. வயலையும் எழுத்தையும் இவ்வளவு நேராக இணைக்கும் பொருள் வேறெங்கும் எளிதிலே கிடைக்காது. ஆயினும் நாட்டுவாழ்த்தின் வழக்கமான பட்டியலிலே ஆலைக்கு இடமில்லை. தொழிற்சாலைச் சங்கொலி மீனின் பாடலைப்போல இனிமையானதன்று என்பது காரணமாகலாம். ஆனால் ஒரு தலைமுறையினர் அச்சங்கொலிக்கே எழுந்தனர். அவர்களின் ஊர் நினைவிலே அதுவே முதலோசை.

வாழைச்சேனையையும் ஓட்டமாவடியையும் இணைக்கும் பாலத்தையும் இவ்விடத்தே குறிப்பிடலாம். நெடுங்காலம் புகையிரதமும் வீதிப் போக்குவரத்தும் ஒரே இரும்புப் பாலத்தின் மீதே சென்றன. ஆற்றின் இக்கரையிலே தமிழரும் அக்கரையிலே முஸ்லிம்களும் செறிந்து வாழ்கின்றனர் என்று மேலோட்டமாகக் கூறுவது வழக்கம். உண்மையில் இரு கரையிலும் குடியிருப்புகள் ஊடுபாவாக அமைந்துள்ளன. சந்தைக்கும் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் யாவரும் கடந்த பாலம் அது. அதே பாலம் வன்செயல் நிகழ்ந்த நாள்களிலே எவரும் கடக்க அஞ்சிய பாலமாகவும் மாறியது.

1990ஆம் ஆண்டு இப்பிரதேசத்தின் நாட்டுப்பற்றைச் சோதித்த ஆண்டு. அவ்வாண்டு ஆகஸ்டிலே காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தோரும், ஏறாவூரிலே உறங்கிக்கொண்டிருந்தோரும் கொல்லப்பட்டனர். செப்டெம்பரிலே வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்திலே தஞ்சம் புகுந்திருந்தோர் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமலாக்கப்பட்டனர். சத்துருக்கொண்டானிலே கிராமத்தவர் கொல்லப்பட்டனர். முன்னையவற்றிலே மாண்டோர் முஸ்லிம்கள். பின்னையவற்றிலே மாண்டோர் தமிழர். இவை நான்கும் ஒரே வாவிக்கரை நாட்டிலே, ஒன்றரை மாத இடைவெளிக்குள் நிகழ்ந்தன. இவற்றிலே இரண்டை மட்டும் நினைவிலே வைத்து ஏனைய இரண்டையும் மறந்துவிடும் கவிதை, எத்துணை உருக்கமானதாயினும், நாட்டுப்பற்றுக் கவிதையாகாது. அது நாட்டின் ஒரு பாதிமீது கொண்ட பற்று. மறுபாதிமீது கொண்ட மௌனம்.

'தாயகம்' என்னும் சொல்லை இந்நோக்கிலே ஆராய்தல் பயனுடையது. அரசியற் பேச்சிலே அச்சொல் எல்லைக்கோட்டைச் சுட்டுகின்றது. ஆனால் மட்டக்களப்பின் சமூக வழக்கிலே அதற்கு நேர்ப்பொருள் ஒன்று உண்டு. இங்கு வீடு பெரும்பாலும் தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகச் செல்வது. மணமகனே பெண்ணின் வீட்டுக்குக் குடிபோகின்றான். தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இருவரிடையேயும் இவ்வழக்கம் உண்டு. ஆகவே இப்பிரதேசத்து ஆண்மகனுக்குத் தாயகம் என்பது ஒருகால் விட்டுச் சென்ற வீடு. அவன் வாழ்வதோ இன்னொருத்தியின் தாயகத்திலே. பிறர் வீட்டை வந்து தன் வீடாக்கிக்கொள்வதும், தன் வீட்டைப் பிறருக்குத் திறந்துவிடுவதும் இங்கு அன்றாட வாழ்வின் விதி. எல்லைக்கோட்டின் தாயகத்தைப் பாடிய கவிஞர், தம் வீட்டு முற்றத்திலேயே இருந்த இத்தாயகத்தை ஏன் காணவில்லை என்று கேட்டல் தகும். மண்ணைத் தாயாக உருவகிக்கும் கவிதைகள் அம்மண்ணின் உண்மையான தாய்மாரைப் பேசவிடவில்லை என்னும் குறையைச் சித்திரலேகா மௌனகுரு தொகுத்த சொல்லாத சேதிகள் (1986) என்னும் பெண்கவிஞர் தொகுதியைப் படிப்போர் தெளிவாக உணர்வர்.

5

உலகக் கவிதையிலே தாய்நாட்டுப் பற்றின் தலைசிறந்த எடுத்துக்காட்டாகப் பலஸ்தீனக் கவிதை கொள்ளப்படுகின்றது. 1948இலே அழிக்கப்பட்ட அல்-பிர்வா என்னும் கிராமத்திலே பிறந்தவர் மஹ்மூத் தர்வீஷ் (1941–2008). நிலத்தை இழந்த அவர் நிலத்தை அலங்கரிக்கவில்லை. ரொட்டி, காப்பி, ஒலிவமரம், அடையாள அட்டை என்னும் அன்றாடப் பொருள்களாலே அதனை மீளக் கட்டினார். நுஃமானின் மொழிபெயர்ப்பிலே பலஸ்தீனக் கவிதைகள் 1981இலே ஈழத்திலே வெளியானமை தற்செயலானதன்று. அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. அவ்வெரிப்பைப் பாடிப் பரவலாக அறியப்பட்ட 'புத்தரின் படுகொலை' என்னும் கவிதையை எழுதியவரும் கல்முனையைச் சேர்ந்த அதே நுஃமானே. கிழக்கு மண்ணிலே பிறந்த ஒரு முஸ்லிம் கவிஞர், வடக்கின் நூலகம் எரிந்ததைத் தம் இழப்பாகக் கொண்டார். இழப்பைத் தன் இனத்தோடும் ஊரோடும் குறுக்கிக்கொள்ளாத இப்பண்பே நாம் தேடும் நாட்டுப்பற்றின் உரைகல்.

ஈழத்துக் கவிதை அவ்வுரைகல்லிலே எவ்வளவு தேறியுள்ளது? மரணத்துள் வாழ்வோம் (1985) தொகுதி வெளிவந்த காலத்திலே அரச ஒடுக்குமுறைக்கு எதிரான குரல் வலிமையாக எழுந்தது. அதன் நியாயத்தை எவரும் மறுத்தல் இயலாது. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளிலே, ஒடுக்கப்பட்டோருக்கிடையே நிகழ்ந்த கொடுமைகளைப் பாடுதல் கடினமாயிற்று. கல்முனையைச் சேர்ந்த சோலைக்கிளி காகம் கலைத்த கனவு (1991) முதலிய தொகுதிகளிலே நேரடிக் கூற்றைத் தவிர்த்து, பறவையும் மரமும் கனவும் கலந்த விசித்திரப் படிமங்களாலே அச்சத்தைப் பேசினார். அவரது படிமங்கள் இருண்மை உடையன என்று குறைகூறுவோர் உளர். அச்சம் நிலவிய ஊரிலே தெளிவாகப் பேசும் உரிமை யாருக்கு இருந்தது என்பதையும் அவர்கள் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

முடிவாகச் சில கூறலாம். நாட்டுப்பற்றுக் கவிதையை மதிப்பிடுவதற்கு மூன்று வினாக்கள் போதுமானவை. நிலத்திலே உழைப்போர் அதிலே இருக்கின்றனரா? கவிஞனின் தரப்பினரல்லாத, ஆனால் அந்நிலத்திலேயே வாழும் மக்கள் அதிலே இருக்கின்றனரா? நிலத்தின் பெயரை மாற்றினால் கவிதை சிதைகின்றதா? முதலிரண்டு வினாக்களும் அறம் பற்றியன. மூன்றாவது கலை பற்றியது. ஆனால் மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்புடையன. மனிதரைப் பார்க்காத கண் நிலத்தையும் சரியாகப் பார்ப்பதில்லை; ஆகையாலேயே அத்தகைய கவிதை எந்த ஊருக்கும் பொருந்தும் பொதுப்புகழ்ச்சியாகச் சரிந்துவிடுகின்றது.

1978இன் சூறாவளியையும் 2004இன் ஆழிப்பேரலையையும் முப்பது ஆண்டுப் போரையும் கண்ட கரை இது. வாழைச்சேனை ஆற்றின் கழிமுகத்திலே வலையோடு நிற்கும் ஒருவரிடம் உமது நாடு எதுவென்று கேட்டால், அவர் வளம் பாடமாட்டார். இன்று ஆற்றுவாய் எப்படி இருக்கின்றது, மீன் என்ன விலை போகின்றது, பாலத்துக்கு அப்பால் உள்ள கூட்டாளி இன்னும் வரவில்லை என்பனவற்றையே சொல்லுவார். நாட்டுப்பற்றின் முழு இலக்கணமும் அவ்விடையிலே அடங்கியுள்ளது. அதனைச் செவிமடுத்து எழுதும் கவிஞரையே இம்மண் எதிர்பார்த்து நிற்கின்றது.